புதிதாகப் பணியேற்க வரும் உதவிப் பேராசிரியர்களை எப்படி வரவேற்கலாம்?

வடசென்னைப் பேராசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு சிறிய அரசு கலை அறிவியல் கல்லூரியில் துறைத்தலைவராகப் பணியாற்றுகிறேன். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வான நான்கு உதவிப் பேராசிரியர்கள் இம்மாத இறுதியில் எங்கள் கல்லூரியில் பணியேற்க இருக்கிறார்கள். அவர்களில் இருவர் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சென்னையில் இதுவரை வசித்ததில்லை.

முதல்வர் அறையில் பொன்னாடை போர்த்தி, புகைப்படம் எடுத்து, தேநீர் கொடுத்து, மறுநாள் கால அட்டவணையைக் கையில் தருவதுதான் எங்கள் வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு கல்லூரியில் சேர்ந்தபோதும் இதுவே நடந்தது. பொன்னாடை கிடைத்தது, துறையில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. மூன்று வாரம் நூலகத்தின் ஒரு மூலையில் அமர்ந்துதான் பாடம் தயாரித்தேன். துறைக்கு மூவர் அல்லது நால்வர் மட்டுமே உள்ள எங்களைப் போன்ற கல்லூரியில் ஒருவர் மனம் ஒட்டாமல் அடுத்த இடமாறுதல் கலந்தாய்விலேயே கிளம்பிவிட்டால், அந்த இழப்பை மாணவர்கள்தான் சுமக்கிறார்கள். தனியாக நிதி ஏதும் இல்லாத நிலையில் என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

வணக்கம் அம்மா. கல்லூரி அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வரவேற்பு அலுவலகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். புதிதாகச் சேர்பவருக்குப் பணிப்பதிவேடு தொடங்கி, ஓய்வூதியத் திட்டக் கணக்கு எண் பெற்று, அரசு ஊழியர்களின் சம்பளத்தைக் கையாளும் களஞ்சியம் மென்பொருளில் அவருடைய விவரங்களை ஏற்றிய பிறகுதான் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும். இதில் ஒரு தாள் குறைந்தாலும் முதல் சம்பளம் இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப்போகும். ஓர் இளைஞர் தினமும் பிற்பகலில் என் மேசைக்கு அருகே வந்து, எதுவும் கேட்காமல் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போவார். கையில் பணமில்லாமல்தான் நிற்கிறார் என்பதை நான் மிகவும் தாமதமாகவே புரிந்துகொண்டேன். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆகவே நியமன ஆணை, உடற்தகுதிச் சான்று, மூலச் சான்றிதழ்கள், ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எத்தனை நகல்களுடன் கொண்டுவர வேண்டும் என்று இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். முற்பகலிலேயே வந்து சேரச் சொல்லுங்கள். பணியேற்பு அறிக்கையில் முற்பகல், பிற்பகல் என்று குறிப்பது வெறும் சடங்கு அல்ல.

வீட்டு விஷயமும் உண்டு. வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அதற்கு மேல் அட்வான்ஸ் கேட்கும் உரிமையாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ குடியிருக்கும் ஊழியர் ஒருவர் உடன் சென்று பேசினால் பாதிச் சுமை குறையும்.

இரண்டாம் ஆண்டு உதவிப் பேராசிரியை

பொன்னாடையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. சிவகங்கையிலிருந்து என்னுடன் வந்திருந்த என் தந்தை, அன்று எடுத்த புகைப்படத்தைச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார்.

என்னை வருத்தியது அதன் பிறகு நடந்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் கற்பித்தல் பணி என்று உள்ளது. அதை நான் மகிழ்ச்சியுடன் செய்தேன். ஆனால் மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய நாட்டு நலப்பணித் திட்டம், தேர்வுக் குழு, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான கோப்புகள் அனைத்தும் புதியவள் என்ற ஒரே காரணத்தால் முதல் மாதத்திலேயே என் தலையில் விழுந்தன. முதல் பருவத்திலாவது அவர்களைப் பாடம் நடத்த மட்டும் விடுங்கள். முதல் நிலை உயர்வுக்கு 21 நாள் அறிமுகப் பயிற்சி தேவை என்பதையும், அதற்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்பதையும் யாராவது தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு அது ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

எனக்குக் கிடைத்த உண்மையான வரவேற்பு ஒரு மூத்த பேராசிரியரிடமிருந்து வந்தது. தம் வகுப்பின் கடைசி வரிசையில் என்னை இரண்டு நாள் உட்கார அனுமதித்தார். அங்கே ஒரு மாணவன் தலை கவிழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்ததும், "அவன் விடிய விடியக் கோயம்பேட்டில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறான். எழுப்பாதீர்கள், இடைவேளையில் பேசுங்கள்" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே அவனை வெளியே நிறுத்தியிருப்பேன்.

கௌரவ விரிவுரையாளர்

இங்கே யாரும் குறிப்பிடாத ஒன்றை மரியாதையுடன் எழுதுகிறேன். நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படும்போது அந்த இடத்தில் அதுவரை பாடம் நடத்திய கௌரவ விரிவுரையாளர் வேறு கல்லூரிக்குப் போக நேரிடலாம், அல்லது வேலையையே இழக்கலாம். ஆண்டுதோறும் மே மாதத்தில் ஊதியமின்றி, ஒன்பது ஆண்டுகளாக இப்படித் தற்காலிகமாகப் பணியாற்றி வருகிறேன். முன்பு இருந்த கல்லூரியில் புதியவர் வந்த அன்று காலையிலேயே என் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவரும் தலை குனிந்தபடி நின்றார். அவர் மீது எந்தத் தவறும் இல்லை.

புதியவர்களின் வரவேற்புக்கு எங்களையும் அழையுங்கள். எந்த மாணவி எதற்காக ஒரு வாரமாக வரவில்லை, ஆய்வகத்தில் எந்த நுண்ணோக்கி பழுது, இருப்புப் பதிவேட்டில் எது விடுபட்டுள்ளது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அவற்றை முறையாக ஒப்படைக்க ஒரு வாரம் கொடுங்கள்.

வடசென்னைப் பேராசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கௌரவ விரிவுரையாளர் ஐயா எழுதியதைப் படித்தபோது, எங்கள் துறையில் ஆறு ஆண்டுகளாக உடனிருப்பவரிடம் இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை என்பது உறைத்தது. நாளை காலை முதல் வேலையாக அவரிடம் பேசுகிறேன். சான்றிதழ் பட்டியலை இன்றே நால்வருக்கும் அனுப்பிவிட்டேன். கிடங்கில் கை உடைந்து கிடக்கும் நாற்காலிகளைச் சரிசெய்யச் சனிக்கிழமை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். நான்கு அல்ல, ஐந்து நாற்காலிகள்.