டிரைபாட் ஹெட் கழலவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

கேட்டவர்:
மாமா கொடுத்த பழைய அலுமினிய டிரைபாட் (கேமரா முக்காலி). மேலே கேமராவைத் தாங்கும் பகுதியாக, நீளக் கைப்பிடி வைத்த வீடியோ ஹெட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு பால் ஹெட் (உருண்டை மூட்டில் எந்தப் பக்கமும் சாயும் ஹெட்) மாட்ட வேண்டும். இடப்பக்கமாகத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கழலவில்லை. இது கழற்றவே முடியாத வகையா?

பதில் 1:
எது சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். பேன் லாக் (ஹெட் பக்கவாட்டில் சுற்றாமல் நிறுத்தும் பூட்டு) தளர்ந்திருந்தால் ஹெட்டின் மேல்பகுதி மட்டும் சுற்றும். நடுத்தண்டின் பூட்டு தளர்ந்திருந்தால் தண்டோடு சேர்ந்தே சுற்றும். இரண்டையும் இறுக்கிவிட்டு ஹெட்டின் அடிப்பகுதியைப் பிடித்துத் திருகுங்கள். கைப்பிடியைப் பிடித்து வேண்டாம். நான் அப்படி ஒன்றை முறித்திருக்கிறேன்.

கேட்டவர்:
இறுக்கினேன் அண்ணா. இப்போது சுற்றவும் இல்லை, கழலவும் இல்லை!

பதில் 2:
அப்படியானால் ஹெட் உட்காரும் வட்டத் தட்டின் அடியில் பாருங்கள். பொடி ஸ்க்ரூ ஒன்றோ மூன்றோ இருக்கும். அவை கீழிருந்து ஹெட்டை அழுத்திப் பிடித்திருக்கும். எல் கீ (எல் வடிவ ஆறுமுனைச் சாவி) போட்டு இரண்டு மூன்று சுற்று தளர்த்தினால் போதும். முழுதாக எடுத்தால் கீழே விழுந்து தொலையும். அதற்கும் அசையாவிட்டால் மரையில் பசை போட்டிருக்கலாம். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, ரப்பர் கையுறையோடு திருகுங்கள்.

கேட்டவர்:
மூன்று இருந்தன! அழுக்கு மூடியிருந்ததால் ஊசியால் சுரண்டிய பிறகுதான் எல் கீ உள்ளே போனது. ஹெட் வந்துவிட்டது. ஆனால் டிரைபாடில் நிற்கும் போல்ட் தடிமனாக இருக்கிறது, பால் ஹெட்டின் துளை சிறியது.

பதில் 1:
போல்ட் 3/8 அங்குலம், துளை 1/4 அங்குலமாக இருக்கும். உடனே புஷ் வாங்க ஓடாதீர்கள். அது பெரிய துளையைச் சிறிதாக்குவதற்கு. உங்களுக்கு வேண்டியது நேர் எதிர். துளைக்குள் குறுக்கே காடி வெட்டிய வளையம் தெரிகிறதா? ஏற்கெனவே போட்டுவைத்த புஷ் அதுதான். அகலமான ஸ்க்ரூடிரைவர் வைத்து இடப்பக்கம் திருகுங்கள்.

கேட்டவர்:
வந்துவிட்டது, ஹெட்டும் சரியாக உட்கார்ந்தது! அடியில் உள்ள மூன்றையும் மறுபடி இறுக்கவா?

பதில் 2:
ஹெட்டைக் கையால் நன்றாக இறுக்கிய பிறகு, மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. முனை தட்டிய பிறகு லேசான இறுக்கம் போதும். பலத்தைக் காட்டினால் ஹெட்டின் அடியில் குழி விழும். அந்தப் புஷ்ஷை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.