மழைக்கு முன் எது, மழைக்குப் பின் எது: ஓராண்டில் முடிக்க வேண்டிய வீட்டுச் சில்லறை வேலைகள்

கேள்வி: தறிவீடு, அம்மாப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் என் மாமனார் 1987இல் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். முன்பக்கத்துக் கூடமும் இரண்டு அறைகளும் கான்கிரீட் கூரை. பின்னால் முன்பு தறி ஓடிய நீளமான அறைக்கு மட்டும் ஓட்டுக்கூரை. தறிக்குழியை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும் அந்த அறையை இன்றும் தறிவீடு என்றுதான் சொல்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளையும் மாதத்திற்கு 3,000 ரூபாயையும் மட்டுமே வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்க முடிகிறது.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு வெள்ளையடித்த உற்சாகத்தில் ஒரே சமயத்தில் ஐந்து வேலைகளைத் தொடங்கி, மாசி முடிவதற்குள் நான்கைப் பாதியில் விட்டோம். முழுமையாக முடிந்தது படுக்கையறை ஒன்றுதான். பட்டி பார்த்து, எமல்ஷன் இரண்டு கை அடித்து, பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டிய அந்த அறையில், ஐப்பசி மழையின்போது கூரையும் சுவரும் சேரும் மூலையில் வண்ணம் கொப்புளித்து, தொட்டால் அப்பளம்போல் உதிர்ந்தது. அதன்பின் எந்த வேலையைத் தொடவும் மனம் வரவில்லை.

இப்போது தை பிறந்திருக்கிறது. ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது 23 வேலைகள் தேறின. சொட்டும் குழாய், மழைக்காலத்தில் மூட மறுக்கும் கூடத்துக் கதவு, துருவேறிய ஜன்னல் கம்பிகள், சமையல் மேடைக்கும் சுவருக்கும் இடையிலான விரிசல், தறிவீட்டில் நகர்ந்துபோன ஓடுகள், 2003இல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்கியபோது தோண்டி, பிறகு யாரும் திறந்தே பார்க்காத மழைநீர்க் குழி என்று அது நீள்கிறது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கும் குகை வண்டி வேடிக்கைக்கும் உறவினர்கள் வந்து தங்குவார்கள். அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்பது மாமியாரின் விருப்பம். எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, நடுவில் சோர்ந்துவிடாமல் எப்படிக் கொண்டுசெல்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர், சூரமங்கலம்

அம்மா, உங்கள் படுக்கையறையில் கெட்டது வண்ணமல்ல. அதற்கு மேலே உள்ள ஏதோ ஒன்று. நீர் வரும் வழியை அடைக்காமல் சுவருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த மழையில் உதிர்ந்துவிடும். ஆகவே 23 வேலைகளில் தண்ணீரோடு தொடர்புள்ளவற்றைத் தனியே பிரித்து, அவற்றை மொட்டை மாடியில் தொடங்கிக் கீழ்நோக்கி முடித்துக்கொண்டு வாருங்கள். மாடி, கைப்பிடிச்சுவர், மழைநீர் இறங்கும் குழாய், வெளிச்சுவர், அதன்பிறகுதான் உட்சுவர்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கூரைக்குள் புகுந்த நீர் நேராகக் கீழே இறங்குவதில்லை. கம்பியையும் கான்கிரீட்டில் உள்ள இடுக்குகளையும் பிடித்துக்கொண்டு பல அடி நகர்ந்து, வசதியான இடத்தில் வெளியே வரும். மூலையில் கறை தெரிவதால் மூலையைப் பூசுவது பலரும் செய்யும் தவறு. பணியில் இருந்தபோது நானே இருமுறை செய்திருக்கிறேன். மழைக்குக் காத்திராமல் இப்போதே சோதிக்கலாம். மழைநீர்க் குழாயின் வாயை ஈரத்துணியால் அடைத்து, ஈரமண்ணால் சிறு வரப்புக் கட்டி, ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிறுத்தி, 24 மணி நேரம் கீழே இருந்து கவனியுங்கள். நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 235 லிட்டர் நீர் பிடிக்கும். அது அத்தனையும் கூரைமேல் ஏறும் எடை. பழைய கூரையாதலால் முழு மாடியிலும் ஒரே நாளில் நிறுத்தாமல், பகுதி பகுதியாகச் செய்யுங்கள். கூரையில் கம்பி தெரியும் அளவுக்குக் காரை பெயர்ந்திருந்தால் இச்சோதனையே வேண்டாம். முதலில் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

விரிசல் அகப்பட்டால் அதன்மேல் சிமெண்டுப் பாலை ஊற்றிவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். விரிசலை ‘வி’ வடிவில் கொத்தித் திறந்து, தூசியை நீக்கி, பாலிமர் சேர்த்த கலவையால் அடைத்து, அது இறுகிய பின்னர் நீர்த்தடுப்புப் பூச்சை ஒரு கை நெடுக்காகவும் மறு கை குறுக்காகவும் அடிக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் இடம் செங்கோணமாக இருந்தால், கலவையால் வளைவாகப் பூசி, நீர் அங்கே தேங்காமல் வாட்டம் கொடுங்கள்.

பூச்சு வேலைக்கு மாசி மாதம் உகந்தது. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியை ஒட்டும்போது, பூசிய கலவை இறுகுவதற்கு முன்பே உலர்ந்து மயிரிழை விரிசல் விடும். தவிர்க்க முடியாவிட்டால் மாலையில் பூசி, ஈரச்சாக்குப் போர்த்தி, ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள். புதுப்பூச்சின்மேல் வண்ணம் அடிக்க ஒரு மாதமாவது பொறுங்கள். மாசியில் பூசினால் வைகாசியில் வண்ணம், ஆடியில் உறவினர். கணக்குச் சரியாக வரும். ஆனால் 23ஐயும் ஆடிக்குள் முடிக்க நினைக்காதீர்கள். ஆடி நெருங்கும்போது வண்ணம் அடிப்பவர்களுக்கு ஊர் முழுக்க வேலை இருக்கும். கிடைக்கும் ஆளும் அவசரமாகத்தான் செய்வார்.

பதில் 2: இரும்புப்பெட்டி, கொண்டலாம்பட்டி

ஐயா சொன்ன வரிசையில் எனக்கு மறுப்பில்லை. சோர்வைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

வேலைகளை அவசரத்தின்படி பிரிப்பதைவிட, யார் செய்வது என்பதன்படி பிரித்தால் பாதிச் சுமை குறையும். நாங்கள் நோட்டின் இடப்பக்கத்தில் எங்கள் கையால் முடிபவற்றையும், வலப்பக்கத்தில் கொத்தனார், தச்சர், குழாய்க்காரர் என்று ஆள்வாரியாக மற்றவற்றையும் எழுதினோம். கொத்தனார் ஒரு மணி நேர வேலைக்கு வந்தாலும் பெரும்பாலும் ஒரு நாள் கூலிதான் கேட்பார். சித்தாள் கூலி தனி. ஆகவே மேடை விரிசல், படிக்கட்டின் உடைந்த முனை, குளியலறையில் பெயர்ந்த ஓடு ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, ஆண்டுக்கு இரண்டே முறை, மாசியில் ஒன்றும் ஆவணியில் ஒன்றுமாக அவரை அழைக்கிறோம். இடப்பக்கத்து வேலைகள் ஞாயிறு காலை 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு நிற்கும். முடியாவிட்டாலும் நிற்கும். அந்த நேரத்திற்குள் கூட்டிப் பெருக்குவதும் அடக்கம், ஏனென்றால் வாரம் முழுவதும் கூடத்தில் கிடக்கும் சிமெண்டுத் தூசிதான் ஆளைச் சலிக்க வைக்கிறது.

பொருள்களைச் சனிக்கிழமை மாலையே செவ்வாய்ப்பேட்டையில் வாங்கி வைத்துவிடுகிறோம். ஞாயிறன்று ஒரு வாஷருக்காகக் கடை தேடி அலைந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒரு வேலையும் நடந்ததில்லை. இதற்கென ஒரு பழைய இரும்புப்பெட்டி இருக்கிறது: அரை அங்குல வாஷர்கள், டெஃப்லான் நாடா, ராவல் பிளக், திருகாணிகள், உப்புத்தாள், வெள்ளைச் சிமெண்டு கால் கிலோ. எடுத்த பொருளை நோட்டில் குறித்தால் அடுத்த சனிக்கிழமைப் பட்டியல் தானே தயாராகிவிடும்.

முதல் வேலையாகச் சொட்டும் குழாயை எடுங்கள். எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாயின் அடியில் ஒரு லிட்டர்ச் சொம்பை வைத்துப் பார்த்தேன். 70 நிமிடத்தில் நிரம்பியது. நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல்! அதுவரை ‘லேசாகச் சொட்டுகிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் அன்றே எழுந்துவிட்டார். திருகிப் பூட்டும் பழைய வகைக் குழாயானால் வாஷர் மாற்றினால் போதும். கால் திருப்பில் திறக்கும் புது வகையானால் உள்ளிருக்கும் கார்ட்ரிஜையே மாற்ற வேண்டும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரானால் குழாய் முனையின் சல்லடையில் உப்புப் படிந்திருக்கும். அதைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறவைத்துத் தேய்த்தால் புதிது போலாகிவிடும்.

கதவை மட்டும் இப்போது இழைக்காதீர்கள், மழையிலும் இழைக்காதீர்கள். இது புதிராகத் தோன்றலாம். மழையில் மரம் ஊதியிருக்கும்போது உராயும் அளவெல்லாம் இழைத்துத் தள்ளினால், பங்குனி வெயிலில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விழும். இப்போதோ எங்கே உராயும் என்பதே தெரியாது. ஐப்பசியில் உராயும் இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்து, தை மாதத்தில் மரம் உலர்ந்தபின் குறித்த இடத்தில் மட்டும் மெல்ல இழைத்து, மேல்விளிம்பு, கீழ்விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். அடிவிளிம்பை யாரும் பார்ப்பதில்லை என்று தச்சர்கள் விட்டுவிடுவார்கள். ஈரம் ஏறுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். அதற்கு முன் கீலின் திருகாணிகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். எங்கள் கதவுக்கு நோய் அவ்வளவுதான்.

திருமணம், தேர்வு, காய்ச்சல் என்று ஒரு வாரம் விட்டுப்போனால் அதை அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றாதீர்கள். 52 ஞாயிறுகளில் எங்களுக்குக் கிடைத்தவை 34. அதிலேயே இடப்பக்கம் முழுவதும் அடிபட்டுவிட்டது.

பதில் 3: மலைச்சாரல், ஏற்காடு

நான் ஏற்காட்டில் ஓட்டுவீட்டில் இருப்பவன் என்பதால் தறிவீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கீழே இருப்பவர்கள் ஐப்பசியைத்தான் மழைக்காலம் என்று நினைக்கிறார்கள்; ஆனால் சேலத்திலும் ஆவணி, புரட்டாசியிலேயே மாலை மழை பிடித்துக்கொள்ளும், சித்திரை, வைகாசியில் கோடைமழை காற்றோடு வரும். ஓட்டுக்கூரைக்கு மழையைவிடக் காற்று பெரிய பகை. ஆகவே பங்குனிக்குள் ஓடு மாற்றிவிடுங்கள்.

ஓடு மாற்றுவது என்றால் எல்லாவற்றையும் புதிதாக்குவதல்ல. வரிசையாகப் பிரித்து, பாசியைத் துடைத்து, உடைந்தவற்றை மட்டும் மாற்றி, அடியில் சட்டங்களைக் கரையான் அரித்திருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பார்த்து, மறுபடி அடுக்குவது. மங்களூர் ஓட்டில் ஒவ்வொரு ஆலைக்கும் அச்சு சற்று மாறும். பழைய ஓடு ஒன்றை எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்காவிட்டால் இடுக்கு விழும். வாங்கும்போதே இருபது ஓடுகள் கூடுதலாக வாங்கி வையுங்கள். இங்கே எங்கள் ஓடுகளை ஆண்டுதோறும் நகர்த்தும் பொறுப்பைக் குரங்குகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஊரில் பூனைகள் இருக்கும்.

மற்றொன்று, தறிக்குழி இருந்த இடத்துச் சுவரின் அடியில் உப்புப் பூத்திருந்தால் எமல்ஷன் அடிக்காதீர்கள். ஒரு முறை ஆடி மாதப் பனிமூட்டத்தில் அவசரப்பட்டு அடித்து, பத்தே நாளில் சுவர் முழுவதும் கரும்பூசணம் படர்ந்ததைப் பார்த்தவன் நான். ஓதம் ஏறும் சுவருக்குச் சுண்ணாம்புதான் தோது. அது ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுங்கள், நீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் உள்ளேயே போகும்.

பதில் 4: மின்பணியாளர், சீலநாயக்கன்பட்டி

கொப்புளித்த மூலைக்கு அருகில் ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே! இருந்தால், நீர் நிறுத்திச் சோதிக்கும் நாளில் அந்த அறைக்கான இணைப்பை மெயினில் நிறுத்திவிடுங்கள். 1987 வீடு என்கிறீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி என்ற கருவி இல்லாவிட்டால், 23 வேலைகளுக்கும் முன்னால் உரிமம் பெற்றவரைக் கொண்டு 30 மில்லியாம்பியர் அளவில் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகாமல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருங்கள். சுவரில் துளையிடும் முன், ஸ்விட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பிக் குழாய் ஓடுகிறது என்று எண்ணிக்கொள்வது நல்லது.

கேட்டவர்: தறிவீடு, அம்மாப்பேட்டை (மாசி மாதத்தில்)

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. ஆர்சிசிபி இல்லை, முதல் மாதப் பணத்தில் அதைப் பொருத்தினோம். அடுத்த இரண்டு ஞாயிறுகளில் குழாயும் ஜன்னல் கம்பிகளும் முடிந்தன. மூன்றாம் ஞாயிறு படுக்கையறையின் மேல் பகுதியில் மட்டும் வரப்புக் கட்டி நீர் நிறுத்தினோம். இரவு 11 மணிவரை ஒன்றும் தெரியவில்லை. விடியற்காலையில் பார்த்தபோது வழக்கமான மூலையில் ஈரம் படர்ந்திருந்தது. நீரை வடித்துவிட்டு மாடியை அங்குலம் அங்குலமாகத் தேடியதில், கைப்பிடிச்சுவர் ஓரம் நன்றாகவே இருந்தது. அங்கிருந்து ஆறடி தள்ளி, பல ஆண்டுகளுக்கு முன் தொலைக்காட்சிக் குடை நிறுவ வந்தவர் தளத்தில் துளைத்து, குடையைக் கழற்றிய பிறகு யாரும் அடைக்காமல் விட்ட நான்கு போல்ட் ஓட்டைகள்! இரண்டு முறை பட்டி பார்த்த சுவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இருப்பதாக யாரும் நினைத்திருக்க மாட்டோம்.

வலப்பக்கத்தில் கொத்தனாருக்கு இப்போது ஏழு வேலைகள் சேர்ந்திருக்கின்றன. வரும் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆடிக்குள் படுக்கையறையும் தறிவீட்டுக் கூரையும் மட்டும் என்று மாமியாரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். மழைநீர்க் குழியை ஆனியில் தூர்வாரலாம் என்று எண்ணுகிறேன். அதற்குள் இருக்கும் பழைய கூழாங்கல்லையும் மணலையும் கழுவி மீண்டும் போடலாமா, புதிதாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில் 5: ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர், சூரமங்கலம்

கூழாங்கல்லைக் கழுவிப் போடலாம். மணலில் வண்டல் ஏறியிருக்கும், அதை மட்டும் புதிதாக வாங்குங்கள். போல்ட் ஓட்டைகளை அடைத்தபின் அதே இடத்தில் மறுபடி ஒரு நாள் நீர் நிறுத்திப் பார்த்துவிட்டுக் கொத்தனாருக்குக் கடைசிக் கூலியைக் கொடுங்கள்.