1500 மீட்டர் ஓட்டம்: மூணாவது சுற்றுல படுத்துடுறாங்க, யோசனை சொல்லுங்க

குழு நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வுக்குப் பசங்களைத் தயார் பண்றவங்க கொஞ்சம் உதவுங்க.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். கணக்குப் போட்டா 100 மீட்டருக்கு 28 விநாடி, 400 மீட்டர் சுற்றுக்கு 112. அப்படி ஒண்ணும் பயங்கர வேகம் இல்ல. ஆனா விசில் ஊதினதும் முதல் சுற்றை 85 விநாடியில பறந்துடுறாங்க. மூணாவது சுற்றுல தோள் காதுகிட்ட ஏறி, மூச்சு மேலாப்புல ஓடி, தொடை கல்லு மாதிரி ஆகி நடக்க ஆரம்பிச்சிடுறாங்க.

இப்போதைய பயிற்சி: வாரத்துல மூணு நாள், பேசிக்கிட்டே ஓடக்கூடிய வேகத்துல 30–40 நிமிஷம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் நாலு தடவை, ஒவ்வொண்ணும் 108 விநாடி, நடுவுல 90 விநாடி நடை. அதே வேகத்தைப் பிடிச்சா 6:45-ல முடிஞ்சிடும், 15 விநாடி கையிருப்பு. 100 மீட்டருக்கு ஒரு கம்பு நட்டு, 27 விநாடிக்கு ஒரு விசில்.

தனியா ஓடவிட்டா நேரம் சரியா வருது. இருபது பேரோட விட்டா எல்லாம் காலி. அப்போ உடம்புல தெம்பு இருக்கு, மனசுதான் கூட்டத்தோட இழுபடுதுன்னு தோணுது.

பக்கத்துல ஒருத்தன் முந்தும்போது வேகத்தைக் கட்டிப்போட என்ன பழக்குறீங்க? வேணும்னே கூட்டமா ஓடவிட்டு, கடைசியா வரச் சொல்லிப் பழக்கினவங்க இருக்கீங்களா? எங்ககிட்ட இருக்கிறது 200 மீட்டர் மண் சுற்றுதான் (மேல சொன்ன 400 மீட்டர் சுற்று இங்க ரெண்டு சுற்று), அதுக்கு ஏத்தபடி சொல்லுங்க. கேழ்வரகுக் கூழ் குடிக்கிறாங்க, அதனால சாப்பாட்டைப் பத்தின பதில் மட்டும் வேண்டாம்.