தெருக்கூத்து கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற தனி சவுண்ட் கார்டு வேண்டுமா?

செய்யாற்றுக்காரன்:
வணக்கம். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தை என் பெரியப்பா கேசட்டுகளில் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. ஆடியவர்களில் பலர் இன்று இல்லை. நாடா கெடுவதற்குள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று தவிக்கிறேன்.

கேசட் டெக்கின் லைன் அவுட்டிலிருந்து மதர்போர்டின் பின்பக்கத்து வெளிர்நீலத் துளைக்குக் கம்பி கொடுத்திருக்கிறேன். போர்டில் இருப்பது ரியல்டெக் ஏஎல்சி 887 சிப். பதிவாகிறது, ஆனால் முகவீணை ஓயும் இடங்களில் அடியில் ஓர் உறுமலும் மேலே ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கேட்கின்றன. மதர்போர்டு ஆடியோ என்றாலே இப்படித்தான், 6,000 ரூபாய்க்கு உள்ளே செருகும் கார்டு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பழைய ரேடியோ:
தம்பி, பணத்தை எடுக்காதீர்கள். உறுமலுக்கும் இரைச்சலுக்கும் காரணம் வேறு வேறு.

இரைச்சலை முதலில் பார்ப்போம். சாதாரண வகை நாடாவில், டால்பி என்ற இரைச்சல் குறைப்பு முறை இல்லாமல் பதிவு செய்தால், ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி ஏறக்குறைய 50 டெசிபல்தான். உங்கள் சிப்பின் பதிவுப் பகுதிக்கு ரியல்டெக் சொல்லும் அளவு 90 டெசிபல். போர்டில் பொருத்திய பின் அதில் கொஞ்சம் குறையும்; 75 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நாடாவின் இரைச்சல் சிப்பின் இரைச்சலை முழுவதுமாக மூடிவிடும். 120 டெசிபல் கார்டு வாங்கினாலும் அதே ‘ஸ்ஸ்’ சத்தத்தைத்தான் இன்னும் துல்லியமாகப் பதிவு செய்வீர்கள்.

உறுமல் பெரும்பாலும் எர்த் சுழற்சியால் வருவது. டெக்கும் கணினியும் வெவ்வேறு வழிகளில் எர்த்தைத் தொட்டால் ஆடியோ கம்பியின் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் ஓடும். உள்ளே செருகும் கார்டும் அதே பெட்டியின் எர்த்தில்தான் உட்காரும். அப்புறம் எப்படி உறுமல் போகும்? கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்து மூன்று துண்டு பதியுங்கள்: கம்பியே இல்லாமல், கம்பி செருகி, நாடா ஓடாமல் டெக் சும்மா இருக்கும்போது, எதுவும் பதியாத நாடா ஓடும்போது. விண்டோஸ் ஒலி அமைப்பில் ‘மேம்படுத்தல்’ என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். அது ஆர்மோனியத்தின் நீண்ட சுருதியைச் சத்தம் என்று நினைத்து அரித்துவிடும்.

குரல்பதிவாளர்:
கார்டே வீண் என்று படிப்பவர்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. என் பழைய போர்டில் கிராபிக்ஸ் கார்டு உழைக்கத் தொடங்கினால் ஹெட்போனில் கீச்சென்று கேட்கும். தள்ளியிருந்த ஸ்லாட்டில் ஒரு சவுண்ட் கார்டு போட்டதும் நின்றது. இப்போது ஒலிநூல் வாசிக்கிறேன். மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும். எந்த மதர்போர்டும் அதைத் தராது. 250 ஓம் ஹெட்போனுக்கும் பல போர்டுகளில் சத்தம் போதாது.

பழைய ரேடியோ:
நீங்கள் சொல்வது சரி. மைக்குக்கும் அதிக ஓம் ஹெட்போனுக்கும் வெளியே வைக்கும் யுஎஸ்பி கருவி வாங்குவது நியாயமான செலவு. உள்ளே செருகும் கார்டுக்குத்தான் இன்று வேலை சுருங்கிவிட்டது. 1989இல் சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் வந்தபோது கணினியில் இருந்தது வெறும் பீப் ஸ்பீக்கர். 1997இல் வந்த ஏசி97 என்ற போர்டு ஆடியோ முறையில் செய்த மலிவுப் போர்டுகளும் இரைச்சல்தான். 2004இல் அதற்கு மாற்றாக இன்டெல்லின் எச்டி ஆடியோ முறை வந்த பிறகு போர்டுகள் தேறின. பிறகு விண்டோஸ் விஸ்டா, விளையாட்டு ஒலிகளைக் கார்டே கணக்கிடும் பழைய வழியை மூடிவிட்டது. கடைகளில் இன்னும் ஏசி97 காலத்து அறிவுரைதான் ஓடுகிறது.

செய்யாற்றுக்காரன்:
அளந்துவிட்டேன், ஐயா. கம்பி இல்லாமல் இரைச்சல் மைனஸ் 79 டெசிபல் (மைனஸ் எண் பெரிதாக இரைச்சல் குறைவு). டெக்கைச் செருகியதும் மைனஸ் 58, உறுமலோடு. டெக்கிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு கம்பி போகிறது. அந்த ஆம்ப்ளிஃபையர் கேபிள் டிவி பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. அதைக் கழற்றியதும் மைனஸ் 76, உறுமல் அறவே இல்லை. வெற்று நாடா ஓடும்போது மைனஸ் 51. நீங்கள் சொன்னபடி இரைச்சல் நாடாவுடையதுதான். ஆனாலும் தாளத்தின் ‘கிண்’ மழுங்கிக் கேட்கிறதே?

பழைய ரேடியோ:
அது டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஹெட்டைத் துடையுங்கள். பிறகு ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறிய திருகைப் பாருங்கள்; நாடாவுக்கு ஹெட் நிற்கும் கோணத்தை, அதாவது அசிமத்தை, மாற்றுவது அதுதான். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே மயிரிழை அளவு திருப்புங்கள். தாளம் எங்கே மிகக் கூர்மையாக ஒலிக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரியப்பா வேறு வேறு டேப் ரெக்கார்டரில் பதிந்திருந்தால் ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்யத்தான் வேண்டும். எந்தக் கார்டும் தராத தெளிவு இதில் கிடைக்கும்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இரண்டு மூலைகளில் சின்னப் பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். இரண்டையும் உடைத்துவிட்டு டெக்கில் போடுங்கள். கை தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் கூத்து அழியாது.