இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிக்கு 24 அணிகள் தேவைதானா?

வைகைக்கரை வாசகன் (கேள்வி):

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற, 21 வயதுக்குட்பட்ட ஆடவருக்கான உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டியைத் தொடர்ந்து பார்த்தபோது எழுந்த ஐயம் இது. 2023இல் கோலாலம்பூரில் 16 அணிகளோடு நடந்த இப்போட்டியில் இம்முறை 24 அணிகள் சேர்க்கப்பட்டன. ஓமானை இந்தியா 17-0 என வென்ற ஆட்டத்தில், பத்தாவது கோலுக்குப் பிறகு கைதட்டவே மனம் வரவில்லை. எதிரணி துவண்ட பின்னும் நம் வீரர்கள் கோல் அடித்துக்கொண்டே இருந்தது அவசியம்தானா? அணிகளைப் பெருக்குவதால் ஆட்டத்தின் தரம் குறைந்துவிடாதா?

பழைய தடுப்பாட்டக்காரர்:

அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது, நண்பரே. இந்தியா இருந்த பிரிவில் முதலில் இடம்பெற்றிருந்த அணி பாகிஸ்தான். அது விலகிக்கொண்டதால், போட்டி தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் ஓமான் அழைக்கப்பட்டது. உலகக் கோப்பைக்கென்று தயாராகாத ஓர் இளம் அணி, சொந்த மண்ணில் ஆடும் இந்தியாவிடம் அப்படித் தோற்றதில் வியப்பில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது வங்கதேசத்தை. மஸ்கட்டில் நடந்த 2024 இளையோர் ஆசியக் கோப்பையின் வழியாக முதன்முறையாகத் தகுதி பெற்ற அந்த அணி, ஆஸ்திரேலியாவிடம் 3-5 எனப் போராடித் தோற்றது. தென் கொரியாவுடன் 3-3 எனச் சமன் செய்தது. அந்த அணியின் அமிருல் இஸ்லாம் 18 கோல்களுடன் போட்டியிலேயே அதிக கோல் அடித்தவரானார். கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில், பின்கோட்டிலிருந்து வரும் பந்து அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதும், அதை மட்டையின் வளைவில் ஏந்தி இழுத்து அவர் விசிறும்போது, முதலில் பாய்ந்து வரும் தடுப்பாளருக்குக் கோணத்தை அடைக்க நேரமே கிடைப்பதில்லை. 16 அணிகளே போதும் என்றிருந்தால் இவரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

கணக்குப்புலி:

அணிகளின் எண்ணிக்கையைவிட, காலிறுதிக்குத் தேர்ந்தெடுக்கும் முறைதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. 16 அணிகள் இருந்தபோது நான்கு பிரிவுகளிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவை முன்னேறின. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. இப்போதோ ஆறு பிரிவுகளின் முதலிடங்களோடு, இரண்டாம் இடம் பிடித்தவற்றுள் சிறந்த இரண்டு அணிகளும் செல்கின்றன. வெவ்வேறு பிரிவுகளில், வெவ்வேறு எதிரணிகளோடு மும்மூன்று ஆட்டங்கள் மட்டுமே ஆடிய அணிகளை ஒப்பிடும்போது, புள்ளிகளும் வெற்றிகளும் சமமாகிவிட்டால், அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசமே முடிவு செய்கிறது. அப்போது தன் பிரிவில் பலவீனமான அணி ஒன்று அமைவதே ஓர் அணிக்கு வரப்பிரசாதமாகிவிடுகிறது.

கேள்வி கேட்டவரின் முதல் ஐயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஓமானுக்குப் பிறகு சுவிட்சர்லாந்துடன் ஒரு லீக் ஆட்டம் மீதமிருந்தது. அதில் சறுக்கி இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தால், அந்தப் பதினேழு கோல்களே இந்தியாவைக் காப்பாற்றியிருக்கும். ஆகவே பத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று வீரர்களைக் குறை சொல்ல மாட்டேன். விதிதான் அவர்களை அடிக்கச் சொல்கிறது. ஸ்பெயினுக்குப் பின்னால் இரண்டாம் இடம் பிடித்து உள்ளே வந்த பெல்ஜியம், காலிறுதியில் இந்தியாவை ஷூட் அவுட் (சமனில் முடிந்த ஆட்டத்தில், வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து ஆடி முடிவு காணும் முறை) வரை இழுத்துச் சென்றதையும் மறந்துவிட வேண்டாம்.

வைகைக்கரை வாசகன்:

விளக்கத்துக்கு நன்றி. அப்படியென்றால் காலிறுதிக்கு முன் 16 அணிகள் ஆடும் நாக் அவுட் சுற்று ஒன்றை வைக்கலாமே?

கணக்குப்புலி:

வைத்தால் நியாயமாகத்தான் இருக்கும், நாள்கள்தாம் இல்லை. பதின்மூன்று நாள்களுக்குள், கோப்பைக்கான ஆட்டங்களோடு 24ஆம் இடம் வரையிலான தரவரிசை ஆட்டங்களும் முடிந்தாக வேண்டும்.

கரிசல்காட்டுப் பயிற்சியாளர்:

அந்தத் தரவரிசை ஆட்டங்களை யாரும் மதிப்பதில்லை என்பதே என் வருத்தம். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்: பலமான அணியிடம் 12 கோல் வாங்கும் ஆட்டத்தைவிட, தனக்கு நிகரான அணியோடு 5-4 என்று முடியும் ஆட்டத்தில்தான் இளம் வீரன் அதிகம் கற்கிறான். 17ஆம் இடத்துக்கான ஆட்டத்தில் வங்கதேசம் ஆஸ்திரியாவை அதே 5-4 என்ற கணக்கில்தான் வென்றது.

மேல்மட்டத்தில் தரம் குறைந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியும் ஸ்பெயினும் மோதிய இறுதி ஆட்டம் 1-1 என முடிந்து, ஷூட் அவுட்டில் 3-2 என்ற கணக்கில்தான் ஜெர்மனிக்குக் கோப்பை கிடைத்தது. அரையிறுதியில் அதே ஜெர்மனியிடம் 1-5 எனத் தோற்ற இந்தியா, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் அடித்து வென்றது. இந்திய அணியின் முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் பயிற்சியில் ஆடிய இந்தப் பையன்களுக்கு ஓமான் ஆட்டத்தைவிட அந்தப் பதினைந்து நிமிடங்களே பெரிய பாடம். அடுத்த முறையும் 24 அணிகளே இருக்கட்டும். ஆனால், ஓர் அணி விலகினால் அதன் இடத்துக்கு வரும் மாற்று அணி எது என்பதை ஆறு மாதங்களுக்கு முன்பே முடிவு செய்து, அதற்கும் தயாராக அவகாசம் கொடுக்கட்டும்.