எங்கள் ஏர்லைனை வாங்குகிறார்கள், என் சீனியாரிட்டி என்ன ஆகும்?

வலது சீட்:
ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி), சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. கேப்டன் அப்கிரேடு இதோ வந்துவிடும் என்று இருந்த நேரத்தில், எங்களைவிடப் பெரிய ஏர்லைன் ஒன்று எங்களை வாங்குவதாக அறிவிப்பு. அவர்களிடம் வைட்பாடி (இரண்டு நடைபாதை உள்ள பெரிய) விமானங்கள் உண்டு, எங்களிடம் இல்லை. க்ரூ ரூமில் ஆளுக்கொரு கதை. சேர்ந்த தேதிப்படி இரண்டு ஏர்லைனின் பைலட் சீனியாரிட்டிப் பட்டியலையும் கலந்துவிடுவார்கள் என்கிறார் ஒருவர். நம் எல்லோரையும் அவர்களுக்குக் கீழே ஒட்டிவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். இப்போதே வேறு ஏர்லைனுக்குத் தாவிவிடலாமா?

பழைய கேப்டன்:
அவசரப்பட்டுத் தாவாதீர்கள் தம்பி. யாருக்கு எந்த விமானம், எந்த சீட் என்பதைச் சீனியாரிட்டி பார்த்துத் தருகிற ஏர்லைன் எதற்குப் போனாலும் பட்டியலில் கடைசிப் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும். ஒன்பது வருடமும் போச்சு.

கீழே ஒட்டுவது நடந்திருக்கிறது. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், திவாலாகி நின்ற டி.டபிள்யூ.ஏ. என்ற ஏர்லைனை வாங்கியது. டி.டபிள்யூ.ஏ. பைலட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்கனின் கடைசிப் பைலட்டுக்கும் கீழே போனார்கள். செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆள் குறைத்தார்கள். அடியிலிருந்துதானே எடுப்பார்கள்? பத்து வருடத்துக்கு மேல் ஓட்டியவர்களும் ஃபர்லோவில், அதாவது திரும்பக் கூப்பிடும்வரை சம்பளமில்லாமல், வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆதங்கத்தின் விளைவுதான் 2007-இல் அமெரிக்காவில் வந்த மெக்காஸ்கில்-பாண்ட் சட்டம். பட்டியலை நியாயமாக இணைக்க வேண்டும், பேசித் தீராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லையென்றால் யூனியன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இன்றைக்கே எடுத்துப் படியுங்கள்.

அதற்காகச் சேர்ந்த தேதி காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். யு.எஸ். ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு ஏர்லைன்கள் 2005-இல் இணைந்தன. 2007-இல் நடுவர் நிக்கலாவ் தீர்ப்பு சொன்னார்: யு.எஸ். ஏர்வேஸின் மூத்த பைலட்டுகள் 517 பேர் உச்சியில், வேலையில் இருந்த மற்றவர்கள் விகிதப்படி கலப்பு, ஃபர்லோவில் இருந்தவர்கள் அடியில். பதினைந்து வருடத்துக்கும் மேல் சர்வீஸ் உள்ளவர், அந்தப் பக்கம் நேற்று சேர்ந்தவருக்குக் கீழே! கொதித்துப்போன யு.எஸ். ஏர்வேஸ் ஆட்கள் எண்ணிக்கையில் அதிகம். 2008-இல் பழைய யூனியனையே ஓட்டுப் போட்டு மாற்றிவிட்டார்கள். அப்புறம் வருடக்கணக்கில் கோர்ட்டு வழக்கு. கம்பெனி ஒன்று, பைலட் பட்டியல் இரண்டு. திவால் காலத்துச் சம்பளத்திலேயே பலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2013-இல் அமெரிக்கனோடு இணைந்து, 2016-இல்தான் ஒரே பட்டியல் வந்தது. நடுவர் சொன்னது சரி என்பதுதான் என் எண்ணம். இதைச் சொல்லி நிறைய வசவு வாங்கியிருக்கிறேன்.

ரிசர்வ் ஆசாமி:
எல்லோரும் பட்டியல் நம்பரையே பார்க்கிறீர்கள், பேஸையும் (டியூட்டி தொடங்குகிற ஊரையும்) பாருங்கள். டெல்டா நார்த்வெஸ்ட்டை வாங்கியபின் 2013-இல் மெம்பிஸ் ஹப்பை (விமானங்கள் கூடிப் பிரியும் மையத்தை) மூடியது. யுனைடெட், கான்டினென்டலோடு இணைந்தபின் 2014-இல் கிளீவ்லாந்து ஹப்பை மூடியது. எனக்கும் இதே கதைதான். வேலை போகவில்லை, பேஸ் போய்விட்டது. புது பேஸில் எனக்கு மேலே கூட்டம், அதனால் மறுபடி ரிசர்வ், அதாவது நிலையான ட்யூட்டி இல்லாமல் கூப்பிட்டால் போகிற ஆள். வேலைக்குப் போகவே இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும்.

வலது சீட்:
நன்றி சார். இடையில் அப்கிரேடு வந்தால் எடுக்கலாமா?

பழைய கேப்டன்:
யோசிக்காமல் எடுங்கள். பெரும்பாலும் அறிவிப்பை ஒட்டி ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்கு யார் எந்த சீட்டில் என்று பார்த்துத்தான் விகிதம் போடுவார்கள். அதற்குப் பிறகு கிடைக்கிற நாலு பட்டை (கேப்டன் பதவி) உங்கள் நம்பரை மாற்றாமல் போகலாம். ஆனால் சம்பளமும் கேப்டனாக ஓட்டிய மணிநேரமும் உங்களுடையவை.

இணைப்பு ஒப்பந்தத்தில் ஃபென்ஸ் (வேலி மாதிரி ஒரு தடுப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். இத்தனை வருடம் அவர்கள் வைட்பாடி சீட்டுக்கு நீங்கள் பிட் போடக் (விண்ணப்பிக்கக்) கூடாது, உங்கள் கேப்டன் சீட்டுக்கு அவர்களும் வரக் கூடாது என்கிற மாதிரி. உங்களைப் போல அப்கிரேடு விளிம்பில் நிற்பவருக்கு நம்பரைவிட அது முக்கியம்.

முதல் பேரத்தை யூனியன் தூக்கி எறிந்தால் கைதட்டாதீர்கள். சவுத்வெஸ்ட் ஏர்ட்ரானை வாங்கிய 2011-இல், ஏர்ட்ரான் யூனியன் தலைவர்கள் முதல் ஒப்பந்தத்தை உறுப்பினர் ஓட்டுக்கே விடவில்லை. அடுத்து வந்தது அதைவிட மோசம், அதைத்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

வரைவுப் பட்டியல் வந்தவுடன் உங்கள் சேர்ந்த தேதி, விடுப்பு, ட்ரெய்னிங் தேதி எல்லாம் சரியா என்று பார்த்து, தவறு இருந்தால் கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.