பவுலுஸ் ஏன் முற்றுகையை உடைத்து வெளியேறவில்லை?

கேள்வி:
ஸ்டாலின்கிராடில் ஜெர்மனியின் 6ஆம் படையை நடத்திய ஃப்ரீட்ரிக் பவுலுஸ் பற்றிப் படித்துவருகிறேன். 1942 நவம்பர் 23 அன்று சோவியத் படைகள் நகருக்கு மேற்கே உள்ள கலாச் அருகே கைகோத்து அவரை வளைத்துக்கொண்டன. அப்போதே முட்டிமோதி வெளியேறாமல் இரண்டு மாதத்துக்கு மேல் அவர் காத்திருந்தது கோழைத்தனமா, கீழ்ப்படிதலா?

பதில் 1:
கோழை என்று சொல்லமாட்டேன். அவர் வரைபட மேசையில் வளர்ந்தவர். 1940 செப்டம்பர் முதல் தரைப்படைத் தலைமையகத்தில், அதன் பொதுப்பணியகத் தலைவர் ஹால்டருக்குத் துணையாக இருந்து, சோவியத் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1942 ஜனவரியில் 6ஆம் படையை ஏற்றபோது, அதற்குமுன் போரில் ஒரு டிவிஷனைக்கூட (பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) நடத்தியிருக்கவில்லை. முற்றுகைக்குள் இருந்த கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பிரிவு) தளபதி சைட்லிட்ஸ், ஆணை இல்லாவிட்டாலும் வெளியேறியே ஆகவேண்டும் என்று எழுதியே கொடுத்தார். பவுலுஸ் அசையவில்லை.

பதில் 2:
முந்தைய பதில் சற்றுக் கடுமையானது. வெளியேற அனுமதி கேட்டு அவர் செய்தி அனுப்பினார். விமானங்கள் மூலமே படைக்குச் சோறுபோட முடியும் என்ற விமானப்படைத் தலைவர் கோரிங்கின் வாக்கை நம்பி ஹிட்லர்தான் மறுத்தார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்ட இடத்தில், சராசரியாக அதில் பாதிகூட வந்துசேரவில்லை. தீவனம் மிச்சமாகட்டும் என்று குதிரைகளில் பெரும்பகுதியைக் குளிர்காலத்துக்கு முன்பே மேற்கே அனுப்பிவிட்டிருந்ததால், பீரங்கிகளை இழுக்கவும் வழியில்லை. டிசம்பரில் ஜெர்மன் தளபதி மான்ஸ்டைன் வெளியிலிருந்து அனுப்பிய மீட்புப் படை மிஷ்கோவா ஆறு வரை, அதாவது ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவுக்குள், வந்தபோது, டாங்கிகளில் 30 கிலோமீட்டருக்கே எரிபொருள் இருப்பதாக பவுலுஸ் கணக்குச் சொன்னார்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஜனவரி 8 அன்று சோவியத் தரப்பிலிருந்து வந்த சரணடைவு நிபந்தனைகளை ஏன் மறுத்தார்? அதற்கு எரிபொருள் தேவையில்லையே.

பதில் 1:
நான் சொல்லவந்ததும் அதுதான். ஜனவரி 30 அன்று ஹிட்லர் அவரை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தினார். அந்தப் பதவியில் இருந்த எந்த ஜெர்மானியரும் அதுவரை உயிரோடு பிடிபட்டதில்லை என்பதால், தற்கொலை செய்துகொள் என்பதே அதன் பொருள். மறுநாள் காலை, உனிவெர்மாக் பல்பொருள் அங்காடியின் நிலவறையில் சரணடைவுப் பேச்சுவார்த்தையை மற்ற அதிகாரிகள் நடத்த, பவுலுஸ் பக்கத்து அறையில் இருந்தார். நகரின் வடக்கே இன்னும் போரிட்டுக்கொண்டிருந்த தன் படையினருக்குச் சரணடையும்படி ஆணையிடவும் மறுத்துவிட்டார். அவர்கள் பிப்ரவரி 2 வரை வீணாகச் செத்தார்கள். சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்தான்.

பதில் 2:
அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஹிட்லர் மீதான 1944 ஜூலைக் கொலைமுயற்சிக்குப் பிறகு அவர் வெளிப்படையாகவே எதிர்ப்பக்கம் சேர்ந்ததையும், 1946இல் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் சாட்சிக்கூண்டில் ஏறி, தான் பங்கெடுத்த அந்தப் படையெடுப்புத் திட்டத்தையே ஆக்கிரமிப்பு என்று அங்கே குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஹிட்லரின் தளபதிகள் கைட்டல், யோடல் ஆகியோர் முகத்துக்கு நேரே சொன்னதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.